சம்பந்தமில்லாத இரண்டு பேர்

ஜூன் 3

அக்காவுக்கு,

போன்ல பேசினா நீ பேட்டி எடுக்க ஆரம்பிச்சுடுவ. எப்போ, எங்கே, யார் சொன்னதுன்னு குறுக்கே குறுக்கே கேட்டு என் வாயை அடைச்சுடுவ. அதனாலதான் நேத்து போனைப் பாதியில வச்சுட்டேன். கடிதம்னா கடைசி வரைக்கும் படிச்சுத்தானே ஆகணும்? படி.

குண்டூசியைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கூட்டிட்டுப் போனது உன் ஆளுங்கதான்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். காலையில பூரா டிரைவிங் ஸ்கூல்ல ஒரு பேங்க் மேனேஜருக்கு கிளட்ச் எதுன்னு காட்டிக்காட்டி உசிரே போயிருந்துச்சு. மாடிப்படியில உன் ஆபீஸ் பொண்ணு, அந்த நல அலுவலர், உட்கார்ந்திருந்தா. பக்கத்துல ஒரு ஆள், அவர் பெண்டாட்டி. குண்டூசியோட செத்துப்போன அப்பாவுக்கு அண்ணனாம். இத்தனை நாள் எங்கே இருந்தாராம்? வெளியூர்ல டயர் கடை வச்சிருந்தாராம், விஷயமே தெரியாதாம். இப்போ திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. உன் பொண்ணு ஒரு பேப்பரைப் படிச்சா: ரத்த உறவு கேட்டு வந்தா, வளர்க்கிற வீட்டைவிட அவங்களுக்குத்தான் முதல் உரிமை. ரொம்ப மரியாதையாதான் படிச்சா. திட்டக்கூட வழி இல்லாம பண்ணிட்டா.

குண்டூசிக்கு என்ன புரியும்? ஊருக்குப் போறோம்னு நினைச்சுக்கிட்டு தானே ஓடிப்போய் செருப்பை மாட்டிக்கிட்டா. வாசல்ல நின்னு திரும்பிப் பார்த்து, "நீ ஏன் இன்னும் செருப்புப் போடல?"ன்னு கேட்டா. நான் என்னக்கா சொல்வேன்? "நீ முன்னாடி போ, நான் வண்டியைப் பூட்டிட்டு வரேன்"னேன். வண்டியைப் பூட்டிட்டு வரேன்னு சொன்ன வாய் இது.

உனக்கு மறந்திருந்தா ஞாபகப்படுத்தறேன். அந்த விடுதியில பிள்ளைகளைக் கட்டில் காலோட துணியால கட்டி வச்சிருந்தாங்கன்னு நீ பேப்பர்ல எழுதின. போலீஸ் கதவை உடைச்ச அன்னிக்கு, இருந்ததுலேயே சின்னதா ஒண்ணை உன் சால்வையில சுத்திக் கொண்டு வந்து என் மடியில போட்டது நீ. ஒல்லியா இருந்தாலும் எல்லாரையும் குத்துறான்னு பேர் வச்சதும் நீ. அப்புறம் அரசாங்கம் உன்னைக் கூப்பிட்டு குழந்தைகள் நல வாரியத் தலைவி ஆக்குச்சு, நீ பேனாவை வச்சுட்டு நாற்காலியில உட்கார்ந்த. அவ என் வீட்ல நடந்தா, பேசினா, பல்லு விழுந்து முளைச்சுச்சு. எல்லாரும் அவ என் பொண்ணுன்னே நினைச்சாங்க. நானும்தான்.

நீ ஒரு கையெழுத்துப் போட்டா திரும்பி வருவா. போடு.

சின்னவள்


ஜூன் 9

சின்னவளுக்கு,

கடைசி வரைக்கும் படித்தேன். இரண்டு முறை.

அந்த விதியை நான் ஏன் எழுதினேன் என்று உனக்குச் சொன்னதில்லை. அந்த விடுதியின் கேட்டுக்கு வெளியே ஒரு மனிதர் வந்து நின்றுகொண்டே இருப்பார். கட்டட வேலை செய்கிறவர். மனைவி இறந்ததும் மகளை அங்கே விட்டுவிட்டு வேலை தேடிப் போனார். திரும்பி வந்து கேட்டால் அப்படி ஒரு பிள்ளையே இங்கே இல்லை என்றார்கள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பு அவருக்குக் கேட்டிருக்கிறது. அதை என்னிடம் சொல்லும்போது அவர் அழவில்லை, எனக்குத்தான் எழுத முடியாமல் போனது. சொந்தம் வந்து கேட்டால் எந்த வீடும் எந்த விடுதியும் பிள்ளையை மறைத்து வைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பதவிக்கு வந்ததும் நான் எழுதிய முதல் விதி அது.

இப்போது என் தங்கை வீட்டுக்கு மட்டும் அது பொருந்தாது என்று எப்படிச் சொல்வேன்? சொந்தக்காரர்களுக்காகச் சட்டத்தை வளைத்தவர்களைப் பற்றித்தானே வருடக்கணக்கில் எழுதினேன்? உன் பெயரைப் பார்த்ததுமே அந்தக் கோப்பைத் துணைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். அதை நான் தொட முடியாது, தொடவும் கூடாது.

அந்த வீட்டைப் போய்ப் பார்த்துத்தான் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். தனி அறை இருக்கிறது, பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. நீ மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கலாம். எனக்கு மட்டும் கல் நெஞ்சு என்று நினைக்காதே. அவள் பெரியம்மா என்று கூப்பிட்டது என்னை ஒருத்தியைத்தான். கொஞ்சம் பொறுமையாக இரு.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

பொறுமையா இருந்தேன். போய்ப் பார்த்துட்டும் வந்தேன்.

வெளியூர்னாலும் ஒரு மணி நேரத் தூரம்தான், டயர் கடைக்குப் பின்னாடி வீடு. உள்ளே நுழைஞ்சா ரப்பர் நாத்தம். தனி அறைன்னு எழுதிக் கொடுத்தாங்களே, அதுல கூரை வரைக்கும் டயர் அடுக்கியிருக்கு. இவ படுக்கிறது சமையலறை ஓரத்துல. முடியை ஒட்ட வெட்டிட்டாங்க, பேனாம். என் வீட்ல இருந்தவரைக்கும் அவளுக்கு ஏது பேன்?

என்னைப் பார்த்ததும் ஓடி வருவான்னு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னேன். வரல அக்கா. அந்த ஆளோட பெண்டாட்டி முகத்தைப் பார்த்தா. அந்தம்மா தலையாட்டின அப்புறம்தான் ஒரு அடி எடுத்து வச்சா. முழங்கையில தீக்காயம். என்னன்னு கேட்டேன். "விழுந்துட்டேன்"னா. விழுந்தா சிராய்க்கும், சுடுமா? பள்ளிக்கூடத்துல இன்னும் சேர்க்கவே இல்ல.

அந்தம்மா டீ போட உள்ளே போனா. அந்த இடைவெளியில குண்டூசி என் காதுகிட்ட வந்து, அழுதா பாத்ரூம்ல போட்டு வெளியே தாழ்ப்பாள் போடறாங்கன்னு சொன்னா. சொல்லிட்டு அவளே தன் வாயைப் பொத்திக்கிட்டா. என் வீட்ல பேசிப்பேசியே தலைவலி கொடுத்தவ அவ.

நேரா உன் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அந்த அலுவலர் பொண்ணு எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு என்ன சொன்னா தெரியுமா? சொந்தக்காரங்க வீட்டு மேல புகார்னா ரெண்டு சாட்சி வேணுமாம். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தம் இல்லாதவங்களா இருக்கணும். அப்போதான் திடீர்னு போய்ப் பார்க்க முடியுமாம். குழந்தை சொன்னதைச் சாட்சிக் கணக்குல சேர்க்க மாட்டாங்களாம். "யார் எழுதின கேடுகெட்ட விதி இது?"ன்னு கத்தினேன். பாவம், அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. எனக்கு உடனே புரிஞ்சுடுச்சு.

உனக்கு என்னதான் ஆச்சு?

சின்னவள்


ஜூலை 20

சின்னவளுக்கு,

ஆமாம், அதை எழுதியது நான்தான்.

பத்திரிகையில் சேர்ந்த புதிதில் எங்கள் செய்தி ஆசிரியர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. ஒருத்தர் சொன்னால் அது பேச்சு. சம்பந்தமில்லாத இன்னொருத்தரும் அதையே சொன்னால்தான் செய்தி. அதை நம்பித்தான் கடைசி வரை வேலை பார்த்தேன். விடுதி பற்றிய தொடரில் ஒரு வரியைக்கூட யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

பதவிக்கு வந்தபோது புகார்கள் குவிந்தன. பாதி உண்மை, பாதி பகை. ஒரு விடுதியின் காவலாளி மேல் ஒருவன் புகார் கொடுத்தான். ஒரே ஒருவன். ஊர் கூடி அந்தக் காவலாளியை அடித்தது. அவர் வீட்டுக்குப் போய்த் தூக்கு மாட்டிக்கொண்டார். அந்த வேலை தனக்குக் கிடைக்கவில்லையே என்று ஆத்திரப்பட்டவன்தான் புகார் கொடுத்தவன் என்பது பிறகு தெரிந்தது. காவலாளியின் மனைவி என் அறைக்கு வந்து மாலை வரை உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் அந்த விதியை எழுதினேன். செய்தி அறையில் இருந்ததை அப்படியே தூக்கி வைத்தேன்.

நீ சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் நீ அந்தப் பிள்ளை திரும்பி வர வேண்டும் என்று துடிக்கிறவள். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு உன் பேச்சு ஒரு பக்கத்துப் பேச்சுதான். இரண்டு வெளி ஆட்கள் வேண்டும். ஒருவரை அங்கே அலுவலகமே விசாரித்துப் பிடிக்கலாம், இன்னொருவரை நீ தேடு. பக்கத்து வீட்டில் நிச்சயம் யாருக்காவது தெரியும். நேரே போய்க் கேட்காதே, கேட்டால் ஒன்றும் தெரியாது என்பார்கள். முதலில் வேறு காரணம் சொல்லிப் பழகு. அவர்கள் வேலையைப் பற்றிப் பேசு. அவர்களுக்கு ஏதாவது உதவி செய். ஒரு நாள் அவர்களே சொல்வார்கள், அப்போது நீ வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன், எப்போதும் பலித்தது.

சீக்கிரம் செய்.

அக்கா


ஆகஸ்ட் 18

அக்காவுக்கு,

நீ சொன்னபடி செஞ்சேன். உன் பாடத்தை ஒரு வரி விடாம செஞ்சேன்.

அந்த வீட்டை ஒட்டி ஒரு தையல்கார அம்மா. சுவர் ஒண்ணுதான் நடுவுல. ரெண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துப் பழகினேன். அளவே சரியில்ல, மூச்சு விட்டா கிழியும், ஆனாலும் ஆகா ஓகோன்னேன். பேச்சோட பேச்சா, கார் ஓட்டக் கத்துக்கணும்னு அவங்களுக்குச் சின்ன வயசுல இருந்து ஆசைன்னு சொன்னாங்க. வலிய வந்து வாய்ச்சுதேன்னு நினைச்சேன். வாங்க, நானே கத்துத் தரேன், காசெல்லாம் வேணாம்னேன்.

அய்யோ, அந்தம்மா ஓட்டின ஓட்டு! எல் போர்டைப் பார்த்தே மாடு ஒதுங்கிச்சு. பிரேக்குக்குப் பதிலா வைப்பரைப் போடுவாங்க. நான் திட்டவே இல்ல. நான் திட்டாம ஒருத்தருக்குக் கத்துக் கொடுத்ததா சரித்திரமே கிடையாது, உனக்கே தெரியும்.

ஒரு நாள் காலி மைதானத்துல ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே, "அந்தப் பிள்ளை ராத்திரியெல்லாம் கதவைப் பிறாண்டுதுமா"ன்னாங்க. நான் வாயைத் திறக்கல. "அடிக்கிற சத்தமும் கேட்கும். என் வீட்டுக்கும் அந்த டயர் கடைக்காரர்தான் ஓனர், சொன்னா என்னைக் காலி பண்ணச் சொல்லிடுவார். ஆனா என்னால சாப்பிட முடியல"ன்னாங்க. வண்டியை நிறுத்திட்டு ஸ்டியரிங் மேல சாய்ஞ்சு அழுதாங்க. கையெழுத்துப் போடறேன்னு அவங்களாதான் சொன்னாங்க. அக்கா, எனக்குச் சந்தோஷத்துல கையும் ஓடல காலும் ஓடல. உன் மேல இருந்த கோபமெல்லாம் போயிடுச்சு, நிஜமா. அன்னிக்கே போன் பண்ணியிருப்பேன், வேலை முடியட்டும்னு விட்டுட்டேன்.

மாவட்ட அலுவலகத்துக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போனேன். டயர் கடையில வேலை செய்யற ஆள் ஒருத்தரும் தனியா வந்து சொல்லத் தயாரா இருந்தார், அவரை அந்த அலுவலர் பொண்ணே பிடிச்சு வச்சிருந்தா, தங்கமான பொண்ணு. ஆக ரெண்டு பேர் ஆச்சு, இல்லையா? கடைசிக் கேள்வி: புகார் தர்றவங்களுக்கும் சாட்சிக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதாவது உண்டா? தையல்கார அம்மா வெகுளி. "இவங்க எனக்குக் காசு வாங்காம கார் ஓட்டக் கத்துத் தர்றாங்களே, நல்ல மனசு"ன்னு சொல்லிட்டாங்க.

அவ்வளவுதான். பேனாவை மூடிட்டா அந்தப் பொண்ணு. அவ கண்ணுலயும் தண்ணி. சாட்சிகளுக்குள்ள மட்டும் இல்ல, புகார் தர்ற எனக்கும் சாட்சிக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாதாம். செல்லாதாம்.

உதவி செய்னு சொன்னவ நீ. உதவி செஞ்சா செல்லாதுன்னு எழுதி வச்சவளும் நீ. இதுல நான் எந்த அக்கா பேச்சைக் கேட்டிருக்கணும்?

இந்த மாசம் குண்டூசியைப் பார்க்கவும் என்னை விடல. தையல்கார அம்மாவுக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தாச்சு. நான் அங்கே போய் வர்றதை டயர் கடைக்காரர் கண்டுபிடிச்சுட்டார். அந்தக் கோபத்தை எல்லாம் யார் மேல காட்டுவார்? நீ ஏதாவது பண்ணு. சட்டத்தைத் தூக்கி உடைப்புல போடு. நாளைக்குப் பண்ணு.

சின்னவள்


ஆகஸ்ட் 23

சின்னவளுக்கு,

அந்த அலுவலர் செய்தது சரி. அதை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சரி. என் தவறு வேறு. ஒரு நிருபர் சாட்சியைப் பழக்கிக்கொள்ளலாம். புகார் தருகிறவள் பழக்கக் கூடாது. இரண்டும் ஒன்று என்று நினைத்து உனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். நீ இப்போது நிருபரின் தங்கை இல்லை, வழக்கில் ஒரு தரப்பு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

துணைத் தலைவரிடம் போனேன். உடனே ஆள் அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும். கோப்பில் ஒரு சாட்சிதான் இருக்கிறது, நீங்களே உங்கள் விதியை மீறச் சொன்னால் நாளை எல்லாரும் கேட்பார்கள் என்றார். அடுத்த வாரக் கூட்டத்தில் வைக்கலாம் என்றார்.

அடுத்த வாரம் வரை என்னால் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். தலைவியாக வரவில்லை. பெரியம்மாவாக வந்து அந்தக் கதவைத் தட்டுகிறேன். உள்ளே விட மாட்டேன் என்றால் கடை வாசலிலேயே உட்காருகிறேன். வேலை போனால் போகட்டும். ஸ்டேஷனுக்கு வா.

அக்கா


ஆகஸ்ட் 26

அக்காவுக்கு,

ஸ்டேஷனுக்கு வர மாட்டேன். நீயும் வர வேண்டாம். குண்டூசி போயிட்டா.

உன் கடிதம் வந்த அன்னிக்கேதான். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாளாம். டாக்டர் அது இல்லைன்னு எழுதிட்டார். போலீஸ்காரர் தாழ்ப்பாளைப் பார்த்தார், அது வெளிப்பக்கம் இருக்கு. டாக்டருக்கு அந்தப் போலீஸ்காரரைத் தெரியாது. போலீஸ்காரருக்கு டாக்டரைத் தெரியாது. ரெண்டு பேருக்கும் என்னைத் தெரியாது. உனக்கு ரெண்டு சாட்சி கிடைச்சாச்சு.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிணவறைக்கு வெளியே ஒரு ஆள் நோட்டோட உட்கார்ந்திருந்தார். என்ன உறவுன்னு கேட்டார். வளர்த்தவன்னேன். அது பட்டியல்ல இல்லைன்னார். டயர் கடைக்காரரைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிடுச்சு, ஆனா அவர் பெண்டாட்டி வெளியேதான் இருக்கா. ரத்த உறவோட குடும்பம்னு அவகிட்டதான் உடம்பைக் கொடுத்தாங்க. வேன்ல ஏத்தினாங்க. மூடியிருந்தாங்க, முகத்தைப் பார்க்கல நான். வண்டியைப் பின்னாடியே ஓட்டிக்கிட்டுப் போனேன், சிக்னல்ல விட்டுட்டேன். இத்தனை வருஷமா வண்டி ஓட்டறவ, சிக்னல்ல விட்டுட்டேன். எங்கே கொண்டு போனாங்கன்னு இன்னும் யாரும் சொல்லல.

எனக்கு எழுதாதே.


அக்டோபர் 11

சின்னவளுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தேன். தெருமுனையில் என்னைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாய். மாலை வரை நின்றேன். உன் மேல் எனக்குக் கோபமில்லை.

விதியை மாற்றப் போராடினேன். பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், அன்றைக்கே ஆள் போக வேண்டும் என்று வாரியக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். தோற்றது. என் வாதத்துக்கு எதிராகத் துணைத் தலைவர் எழுந்து படித்தது என்னுடைய பழைய குறிப்பைத்தான். காவலாளி, அவர் மனைவி, பொய்ப் புகார்கள், எல்லாம் என் சொற்களிலேயே. நன்றாக எழுதியிருந்தேன், பாவி. படித்து முடித்ததும் கை தட்டினார்கள். பழைய பத்திரிகைக்குப் போய், நானே எழுதுகிறேன் என்றேன். உங்கள் குடும்பத்து விஷயம், நீங்களே எழுதினால் யார் நம்புவார்கள் என்று கேட்டார்கள்.

ராஜினாமா எழுதிக் கிழித்துவிட்டேன். போனால் விதி இருக்கும். இருந்தாலும் விதி இருக்கும். தினமும் போய் உட்காருகிறேன்.

கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்கிறேன். வளர்ப்பு வீடுகள் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறாயாம். குண்டூசியின் செய்தி வெளிவந்ததிலிருந்து நிறையப் பேர் விலகிவிட்டார்கள். பிள்ளைகளை வைக்க வீடு இல்லை. மூடிய விடுதிகள் வேறு பெயரில் திறக்கின்றன. அவற்றுக்கு அனுமதிக் கையெழுத்துப் போடுவது நான். வேறு என்ன செய்வது, தெருவிலா விடுவது? உன் வீடு மாதிரி வீடு எங்களிடம் இல்லை. எடுத்துவிடாதே. எனக்காக இல்லை, அந்தப் பிள்ளைகளுக்காக.

அக்கா


அக்டோபர் 30

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதற எண்ணமே இல்ல. நேத்து நடந்ததை மட்டும் சொல்லிடறேன், அப்புறம் நீ கேட்க மாட்ட.

காலையில வேலைக்குக் கிளம்பி, கதவைத் திறக்கப் போனப்போ மணி அடிச்சுச்சு. ஓட்டை வழியா பார்த்தேன். அந்த அலுவலர் பொண்ணு. கையில ஒரு பை. பட்டியல்ல என் பேர் இன்னும் இருக்கு போல, இல்ல நீதான் எடுக்க விடலயோ, எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணுக்குக் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்துச்சு. "அக்கா, நீங்க இருக்கீங்கன்னு தெரியும், எல்லா வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன்"னு சொன்னா. கத்தல. அவ மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, நல்லா இருக்கட்டும்.

தனியாதான் வந்திருக்கான்னு நினைச்சேன். ஓட்டை வழியா கீழ தெரியாது இல்லையா. அப்போ கதவு தட்டற சத்தம் கேட்டுச்சு. அவ தட்டல, அவ கை பையைப் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு. சத்தம் என் முட்டிக்குக் கீழ கேட்டுச்சு. உள்ளங்கையால தட்டற மாதிரி, பொத்து பொத்துன்னு.

தாழ்ப்பாள்ல கை வச்சேன் அக்கா. வச்ச கையை எடுத்துட்டேன். வளர்த்துக் கொடுத்தா, யாராவது வந்து முதல் உரிமைன்னு நிப்பாங்க. நான் மறுபடியும் படியேறி இறங்கி, ரெண்டு பேரைத் தேடி அலையணும். என்னால முடியாது. என்கிட்ட அதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல.

அந்தக் குழந்தை விளையாட்டுன்னு நினைச்சிருக்கும். தட்டிட்டே சிரிச்சுச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு அதைத் தூக்கிக்கிட்டா போல, சத்தம் மேல வந்துச்சு, அப்புறம் படியில இறங்கிச்சு. அந்த வேற பேர் வச்ச விடுதிக்குத்தான் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. நீ கையெழுத்துப் போட்டிருப்ப.

நான் செருப்பு மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன்.